நம் நிலத்தில் நிற்கும் தண்ணீர்

என் அருமை அப்பாவுக்கு,

வைகாசி பதினேழு, சனிக்கிழமை, காலை ஆறு இருபது. பள்ளங்கள் பதினான்கு. பதினான்கிலும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது.

நேற்று சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் நல்ல மழை. விடிந்ததும் முதலில் கண்மாய்க்குப் போனேன். தரை நனைந்திருந்தது, அவ்வளவுதான். பிறகு நம் தைலமரக் கொல்லைக்கு வந்தேன். கண்மாய்க்குப் போகவேண்டிய தண்ணீர் இங்கே மரத்துக்கு மரம் தேங்கி நிற்கிறது. நான் போட்ட டிசைன் சரியாக வேலை செய்கிறது அப்பா. அதுதான் பிரச்சினை.

புயலில் முந்திரி அத்தனையும் சாய்ந்த பிறகு, தைலமரம் வைப்போம் என்றது நான். தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆள் வேண்டாம், ஆடுகூட வாய் வைக்காது என்றேன். டிப்ளமோ படித்த திமிரில் லெவல் மிஷினைக் கொண்டுவந்து, சரிவுக்குக் குறுக்கே கோடு போட்டு, ஜேசிபி வைத்துப் பள்ளம் வெட்டினேன். அன்றைக்கு நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள்: "கண்மாய்க்குப் போற தண்ணியப்பா அது. மறிக்கலாமா?"

"நம்ம நெலத்துல விழுற மழை நம்மளது" என்று சொன்னேன். அதற்குமேல் நீங்கள் பேசவில்லை. ஏன் பேசவில்லை? மகன் படித்தவன் என்றா?

நீங்கள் போனது மார்கழியில். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்த கையோடு. உங்கள் கருமாதிக்குத் தலை முழுக நாங்கள் கண்மாய்க் கரையில் போய் உட்கார்ந்தால், உள்ளே வெடித்த மண். டேங்கர் லாரி வரவழைத்து ஹோஸ் பைப்பில் தலையை நனைத்தோம். சித்தப்பா ஈரத் தலையோடு என்னைப் பார்த்தார்.

"ஒங்க அப்பனுக்குத் தல முழுக ஒரு கொடம் தண்ணி இல்ல. லெவல் பாத்த தொரை, எங்கிட்டுப் போச்சுன்னு சொல்லுடா பாப்போம்."

அப்போது கோபம்தான் வந்தது. மேற்கே மைல் கணக்கில் தைலமரக் காடு கிடக்கிறதே, அதைக் கேட்க ஆளில்லையா என்று கத்தினேன். அது உண்மையும்தான். ஆனால் நான் வரைந்த படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி, நம்மைப் பார்த்துப் பள்ளம் வெட்டியவர்கள் பதினோரு வீடு. வரத்து வாய்க்காலுக்கு மேலே இருக்கிற கொல்லை பூராவும் இப்போது நம்ம டிசைன். கீழே சித்தப்பாவின் போர்வெல் வற்றி, அவர் வயல் இரண்டு வருடமாகத் தரிசு. இந்த ஐப்பசியிலும் கண்மாய்க்குத் தண்ணீர் வராவிட்டால் திருப்பூருக்குப் போய்விடுவேன் என்கிறார். அறுபது வயதில் அங்கே என்ன வேலை கிடைக்கும்?

ஆடு வாய் வைக்காத இடத்தில் வேறு எதுவும் வாய் வைப்பதில்லை. இன்று முழுக் கொல்லையையும் சுற்றிவந்தேன். ஒரு குருவிக்கூடு இல்லை. சருகை விலக்கினால் புல் இல்லை, ஒரு புழு இல்லை. கண்மாயில் கொக்கு இறங்கி எவ்வளவு நாளாயிற்று என்று யாருக்கும் நினைவில்லை. நாம் மறித்தது தண்ணீரை மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வாரம் பக்கத்துக் கொல்லைக்காரர் வீட்டுக்குப் போய், பள்ளத்தை மூடுங்கள், நான் சொன்னது தப்பு என்றேன். பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தார்.

"அன்னைக்கு வெட்டச் சொன்ன, இன்னைக்கு மூடச் சொல்ற. நாளைக்கு என்ன தம்பி, தலைகீழா நிக்கச் சொல்லுவியா? மொதல்ல ஒங்க பள்ளத்த மூடு, பொறவு வா."

நியாயம்தானே.

ஆனால் பள்ளத்தை மூடினால் போதாது, மரமும் போகவேண்டும். அம்மாவிடம் அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வராமல் இருந்தது. அம்மா தினமும் காலையில் கொல்லைக்குப் போய் மரங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறது. நேற்று ராத்திரி சோறு போடும்போது சொல்லிவிட்டேன்.

"அப்பா கையால வச்ச மரம்டா அது."

"தெரியும்மா."

அம்மா குழம்பை ஊற்றிவிட்டு எழுந்தது. "வெட்டு. ஆனா நான் இங்க இருக்கையில வேணாம்."

அதனால், அப்பா, செய்யப்போவது இதுதான்:

1. இன்று பத்து மணிக்கு ஜேசிபி வருகிறது. பதினான்கு கரையையும் உடைத்து, பள்ளத்தை மட்டம் செய்வேன்.

2. அம்மாவை அரிமளத்தில் சின்னம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்து மரத்தை வெட்டுவேன். விட்டால் துளிர்க்கும், தூரோடு எடுப்பேன்.

3. பதினோரு வீட்டுக்கும் போவேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன். மறுபடியும் போவேன்.

4. இதனால் கண்மாய் நிறையும் என்று சித்தப்பாவிடம் சொல்ல மாட்டேன். நிறையுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்தமாதிரி இனி யாரிடமும் பேச மாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம்.

உங்கள் மூத்த மகன்,
செந்தில்