இறுக்கிக் கட்டிய தார்ப்பாய்

மார்ச் 4, புதன்

புதுத் தார்ப்பாய் முடிந்தது. விளிம்பு முழுக்க வளையம் அடித்துவிட்டேன். ஊசி விரலில் ஏறியது, போகட்டும்.

பேத்தி ஓட்டும் லாரிக்குப் பக்கப் பலகை கிடையாது, வெறும் தளம்தான். சரக்கை பெல்ட் போட்டு இறுக்கிவிட்டு, மழையும் தூசியும் படாமல் மேலே பாயைப் போர்த்தி, வளையத்தில் கயிறு கோத்துக் கட்ட வேண்டும். மற்றவர்கள் கட்டினால் பாய் தொங்கும், படபடவென்று அடிக்கும், பாதி வழியில் கிழியும். நான் கட்டினால் காற்று நுழையக்கூட இடம் இராது. இன்று ஷெட்டில் ஒரு டிரைவர், "பேத்தி லோடுக்கு மட்டும் இஸ்திரி போட்டு அனுப்புறீங்களா பாட்டி?" என்று கேட்டான். ஆமாம் போடா என்றேன். உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். என் மூலை மடிப்பை எவனாவது போட்டுக் காட்டட்டும் பார்ப்போம்.

மார்ச் 9, திங்கள்

நாளைக்குப் பலகை லோடு. மெல்லிய பலகைகள், வழவழவென்று, ஆள் உயரத்துக்கு அடுக்கு அடுக்காக. பேத்தி மேலே ஏறி நின்று பெல்ட்டுகளை இறுக்கினாள். பலகை விளிம்பு பெல்ட்டை அறுக்காமல் இருக்க மூலைக்கு மூலை ரப்பர் துண்டு வைத்தாள். தாயில்லாப் பிள்ளை என்று தூக்கி வந்து வளர்த்தது. எவ்வளவு பெரிய வண்டியை ஆளுகிறாள்! பார்த்துக்கொண்டே இருந்தேன்.

லோடு மேஸ்திரி வழக்கம்போலச் சொன்னார்: கொஞ்ச தூரம் போனதும் பலகை அமுங்கும், பெல்ட் தொளதொளத்துவிடும், நிறுத்திப் பாயை அவிழ்த்துப் பார்த்து மறுபடி இறுக்க வேண்டும். அவள் தலையாட்டினாள். நானும் என் பங்குக்குச் சொல்லி வைத்தேன்.

"அவிழ்த்தா இதே மாதிரி திருப்பிக் கட்டணும். கண்டபடி கட்டி ஊர் சிரிக்க வைக்காதே."

"உன்ன மாதிரி கட்ட நான் இன்னொரு தடவ பொறந்து வரணும் பாட்டி."

வாய் மட்டும் குறைச்சலில்லை கழுதைக்கு.

மார்ச் 10, செவ்வாய்

விடியும் முன் கிளம்பிவிட்டாள். மழை பிடித்துக்கொண்டது. பலகையில் ஒரு சொட்டு இறங்காது.

மார்ச் 11, புதன்

ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் இருக்கிறேன். உயிர் இருக்கு. உயிர் இருக்கு என்கிறார்கள்.

மார்ச் 13, வெள்ளி

மேஸ்திரிதான் விவரம் சொன்னார். வளைவில் திரும்பும்போது லோடு சரிகிற மாதிரி இருந்ததாம். ஓரம் கட்டி இறங்கி, பாயை அவிழ்த்திருக்கிறாள். உள்ளே பெல்ட் எப்போதோ தளர்ந்துபோய், பலகை முழுக்க என் பாயின் மேல் சாய்ந்து நின்றிருக்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கயிறு அவிழ்ந்ததும் அத்தனையும் அவள் கால்மேல்.

ஏன் முன்னாலேயே நிறுத்திப் பார்க்கவில்லை? பாவி மகளே, ஏன்டி பாக்கல?

சாயங்காலம் கண் திறந்தாள். நான் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள்.

"டீக்கடையில நிறுத்தினேன் பாட்டி. கயித்துல கையும் வச்சேன். அவ்வளவு அழகா இருந்துச்சு... அவிழ்க்க மனசு வரல."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 16, திங்கள்

வலது காலை எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே. கையெழுத்துப் போட்டது நான்.

மார்ச் 29, ஞாயிறு

வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டு வைத்தால் சாப்பிடுகிறாள், எடுத்தால் விடுகிறாள்.

மேஸ்திரி பார்க்க வந்தார். வாசலில் வைத்துக் கேட்டே விட்டேன், என் கட்டுதான் காரணமா என்று. மனிதர் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாய் நனையாம காக்கறதுக்குத்தாம்மா. பிடிக்கிறது பெல்ட்டு வேலை. உங்க பாய் அந்த வேலையையும் சேத்து இழுத்துப் போட்டுக்கிச்சு. தொங்கிக்கிட்டுக் கிடந்திருந்தா, சரியறது வெளியில தெரிஞ்சிருக்கும்."

நல்ல மனிதர். மழுப்பாமல் சொன்னார். நான் டீகூடக் கொடுக்கவில்லை, அவர் போன பிறகுதான் நினைவு வந்தது.

ஏப்ரல் 20, திங்கள்

அவள் வண்டிக்குப் புது டிரைவர் போட்டுவிட்டார்கள். லோடு கட்டிவிட வரச்சொல்லி வந்து நின்றான். பழைய மாதிரியே இறுக்கமாக வேண்டுமாம். கால் வலி என்று சொல்லி அனுப்பினேன். சொல்லி முடித்த பிறகுதான், உள்ளே இருப்பவள் காதில் அது விழுந்திருக்குமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

தெருவில் லாரி போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நர்ஸ் வந்து, வெட்டிய காலின் வீக்கம் வடிய துணிப்பட்டை சுற்றிவிட்டுப் போகிறாள். ஒரு நாளைக்குப் பல தடவை பிரித்துச் சுற்ற வேண்டுமாம், நாங்களே செய்யலாமாம். நான் அருகில் போனேன். "பாட்டி வெளிய இருக்கட்டும்," என்று நர்ஸிடம் சொன்னாள். என்னிடம் அல்ல. மற்ற நேரமெல்லாம் தானே குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கோணிக்கொண்டு சுற்றுகிறாள். நான் அடுக்களையில் நின்று பாத்திரத்தை உருட்டுகிறேன்.

மே 2, சனி

அழுதேன். அவ்வளவுதான்.

மே 7, வியாழன்

நர்ஸுக்குக் காய்ச்சல், வரவில்லை. மத்தியானம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். "பாட்டி" என்று கூப்பிட்டாள். முதலில் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று நினைத்தேன்.

பட்டையை நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. கை துடைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்து, முதல்முறையாக அந்தக் காலை மடியில் வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது. குழந்தையில் பிடித்த அதே கெண்டைக்கால், பாதியில் நின்றுபோயிருந்தது.

சுற்றினேன். மடிப்பு மடிப்பாக, ஒன்றன் மேல் ஒன்று ஏறி, சுருக்கமில்லாமல் வந்தது. கை தன் பாட்டுக்குச் செய்கிறது, நான் என்ன செய்ய.

"இறுக்குதா?" என்றேன்.

"இல்ல, நல்லாத்தான் இருக்கு."

பிறகு முழுசையும் அவிழ்த்து, தோல் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தேன். திருப்பிச் சுற்றினேன். விளக்கு வைத்ததும் மறுபடி அவிழ்த்தேன். அவள் காலை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினாள்.