முகூர்த்தப் படங்கள்

9-9-2008, செவ்வாய் இரவு

இந்த டைரி யார் கையில் சிக்கினாலும் அப்பாவிடம் மட்டும் காட்டாதீர்கள்.

அப்பாவின் ஸ்டுடியோவில் விண்டோஸ் கம்ப்யூட்டர் போய் மேக் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. இன்று எதிர்வீட்டு கவிதா அக்காவின் ரிசப்ஷன் படங்களை ஏற்றினேன். அதே பெயரில் முகூர்த்தப் படங்களின் ஃபோல்டர் ஏற்கெனவே இருந்தது. அதை மாற்றவா என்று மேக் கேட்டது. விண்டோஸில் சரி என்றால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். அந்த நினைப்பில் அழுத்தினேன்.

"ஏத்திட்டியா மலரு? கேமரா கார்டெல்லாம் காலி பண்ணிடட்டா?" என்றார் அப்பா. திறந்து பார்க்காமலே தலையாட்டினேன். அவரும் எல்லாக் கார்டையும் அழித்துவிட்டார்.

ஸ்டுடியோவுக்கு வந்திருந்த அக்காவிடம், "எம் பொண்ணு மேக்ல எக்ஸ்பர்ட்டு, நாளைக்கே ஆல்பம் பாக்கலாம்" என்று சிரித்தார்.

பிறகுதான் திறந்தேன். ரிசப்ஷன் மட்டுமே இருந்தது; மேக் பழைய ஃபோல்டரை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வைத்துவிட்டது. தாலி கட்டும் படம் ஒன்றுகூட இல்லை. அக்காவை மறுபடி மணையில் உட்காரச் சொல்ல முடியுமா?

கதவு தட்டும் சத்தம்.

"மலரு, முழிச்சிருக்கியா? முகூர்த்தத்த எங்கம்மா வெச்ச?"