அட்டையின் பின்பக்கம்

என் பெரியவனுக்கு,

ஊரே அடங்கிய இந்த நேரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன், மன்னித்துக்கொள். பாப்பா தூங்கினால்தான் என் கை எனக்குச் சொந்தம், அவள் இன்றைக்குப் பார்த்து ஒன்பது கதை கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினாள். எழுத்து கோணலாகப் போனால் தூக்கக் கலக்கம் என்று வைத்துக்கொள், அழுகிறேன் என்று நினைத்துவிடாதே. நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். இந்த வரியைப் பொய் கலக்காமல் எழுத முடிகிறதே என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. நீயும் அங்கே ஹாஸ்டலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ராத்திரி சரியாகத் தூங்கி, நன்றாக இருக்க வேண்டும். சனிக்கிழமைக்குப் பிறகு நான்கு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. பாப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்று அப்பா அனுப்பிய செய்திக்கு மட்டும் 'சரி' என்று ஒரே ஒரு சொல் போட்டிருந்தாய். அந்தச் சொல்லை நான் எத்தனை முறை எடுத்து எடுத்துப் பார்த்தேன் என்று அப்பாவைக் கேள், அவர் சொல்லிச் சிரிப்பார். போனில் பேசினால் நான் மறுபடியும் உளறுவேன், அதனால்தான் காகிதம்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது, நான் கத்தினது மட்டும்தான் உனக்குத் தெரியும். சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. மதியம் வந்து துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். உள் அறையில் சத்தமே இல்லை. பாப்பா இருக்கும் வீட்டில் சத்தம் இல்லை என்றால் ஏதோ நடக்கிறது என்றுதானே அர்த்தம், போய்ப் பார்த்தால் உன் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தப் பழைய மிக்ஸி பெட்டியை இழுத்துக் கவிழ்த்துப் போட்டு, உன் பொம்மை வீரர்கள் எல்லாரையும் வரிசையாகப் படுக்க வைத்துத் துண்டால் போர்த்திக்கொண்டிருந்தாள். "அண்ணன் ஆளுங்களுக்குத் தூக்கம்" என்றாள். எனக்குத் திட்ட மனசே வரவில்லை கண்ணா. நானும் கீழே உட்கார்ந்துவிட்டேன். தளபதியின் வலது காலில் அப்பா தன் வயரிங் பையிலிருந்து எடுத்துச் சுற்றின சிவப்பு டேப் இன்னும் அப்படியே இருக்கிறது. பச்சைச் சட்டைக்காரனுக்கு மூக்கே இல்லை, எதிர் வீட்டு நாய் கடித்துத் துப்பினது. கடித்த அன்றைக்கு நீ அழவில்லை, "இப்பத்தான் இவன் நிஜமான வீரன் மாதிரி இருக்கான்" என்றாய். ஜன்னல் திரை தைத்த மிச்சத்தில் நான் தைத்துக் கொடுத்த நீல அங்கி ஒருவன் முதுகில் நூல் பிரிந்து தொங்குகிறது. ஒருவனை நீ குளியலறைக் குழாய்க்குள் திணித்து, குழாய் ரிப்பேர்க்காரர் வந்து கம்பி போட்டு எடுத்தாரே, அவன் கை இன்னும் மேலேதான் தூக்கியிருக்கிறது, காப்பாற்று என்று கேட்கிற மாதிரி. ஒவ்வொருத்தனாகக் கையில் எடுக்க எடுக்க, தரையில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வாயாலேயே குண்டு போடுகிற உன் எட்டு வயது முதுகு அங்கே தெரிந்தது.

பெட்டியின் அடியில் உன் அட்டையும் இருந்தது. நான் கம்பெனி ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ராத்திரி சாப்பிடும்போது எங்கள் அலமாரிகளில் தொங்குகிற இருப்பு அட்டையைப் பற்றி உனக்குச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? உள்ளே வந்த சாமான் முன்பக்கம், வெளியே போனது பின்பக்கம். மறுநாளே நீ உன் படைக்கு ஒரு அட்டை போட்டுவிட்டாய். 'தளபதி, கால் ஒட்டியது, ஓடக் கூடாது. பச்சைச் சட்டை, மூக்கு இல்லை, தைரியம் இருக்கிறது.' இதைப் படித்து நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் பாப்பா இருமினாள். ஒரு முறை இல்லை, விடாமல், முகமெல்லாம் சிவந்து போகிற மாதிரி. அவ்வளவுதான், என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. என் புத்தி உனக்குத் தெரியுமே, உடனே அட்டையை வைத்துச் சரிபார்க்க ஆரம்பித்தேன். எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. 'குதிரைக்காரனின் வெள்ளித் தலைக்கவசம், கழற்றலாம்.' குதிரைக்காரன் இருந்தான், தலையில் ஒன்றும் இல்லை. வெள்ளி நிறம் பூசிய பிளாஸ்டிக், சட்டைப் பொத்தான் அளவு கூட இருக்காத சாமான் அது. "முழுங்கிட்டியாடி?" என்று கேட்டேன். பாப்பா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

எப்படி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம் என்று என்னைக் கேட்காதே, இரண்டு காலில் இரண்டு விதச் செருப்பு. அங்கே எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். பிளாஸ்டிக் படத்தில் தெரியாது, மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் மயக்கம் கொடுத்துக் கேமரா விட்டுத்தான் பார்க்க வேண்டும், சாயங்காலம் வரை பார்ப்போம் என்றார் டாக்டர். மயக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வெளியே ஓடினேன். வராந்தாவில் நின்று உன்னைக் கூப்பிட்டேன். என்ன சொன்னேன் என்று எனக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. பதினெட்டு வயசாச்சு, இன்னும் இந்தக் குப்பையை வீட்டுல சேர்த்து வச்சிருக்க, என் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் காரணம் என்றேன். என் பொண்ணு என்றேன், உன் தங்கச்சி என்றுகூட இல்லை, நீ யாரோ மாதிரி. நீயோ, "எது காணோம்னு மட்டும் சொல்லும்மா" என்று கேட்டாய். பிறகு, "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடும்மா" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் முடிந்திருக்கும், நான் எங்கே அதற்கு இடம் கொடுத்தேன்.

அப்பா வேலை பாதியில் வீட்டுக்குப் போய், டாக்டருக்கு அளவு காட்ட உதவுமே என்று பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். அந்த டாக்டருக்கு வயது முப்பது இருந்தால் அதிகம். பெட்டியைத் திறந்ததும் அந்த மனுஷன் முகம் மாறிவிட்டது. "இந்தக் குதிரைக்காரன் என்கிட்டயும் இருந்தான் சார், இவன் தலைக்கவசம் யார் வீட்டுலயும் ஒரு வாரம் தங்காது" என்று சொல்லிக்கொண்டே அட்டையை எடுத்துப் படித்தார். படித்துவிட்டுத் திருப்பினார். கண்ணா, நான் திருப்பவே இல்லை. டாக்டர் சத்தமாக வாசித்தார்: 'வெள்ளித் தலைக்கவசம், மாடி வீட்டுப் பையனுக்கு, பதிலுக்கு ஒரு சக்கரம்.' ஒன்பது வருடத்துக்கு முன்னால் வெளியே போன சாமான்! அவர் பாப்பாவைப் பார்த்து, "பாப்பா, நீ யானையை முழுங்கினியா?" என்று கேட்டார். அதற்கும் தலையை ஆட்டினாள். "பஸ்ஸை?" அதற்கும் ஆட்டினாள். அப்பா என்னைப் பார்த்து, "ஒன்பது வருஷமா ஸ்டோர்ல அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாக்குறவளுக்கு, பெத்த பிள்ளை எழுதினதைத் திருப்பிப் பாக்கத் தோணலையா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நான் அழுதேன். அப்படியும் டாக்டர் எங்களை உடனே விடவில்லை, சாயங்காலம் வரை உட்கார வைத்து இரண்டு தடவை பாப்பா நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். வெறும் ஜலதோஷம். இப்போது இருமல்கூட இல்லை, வாய் மட்டும் ஓயவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பின்பக்கத்தை நான் தனியாக உட்கார்ந்து முழுவதும் படித்தேன். கடைசி வரியில் இப்படி இருந்தது: 'கறுப்பு வீரன், அம்மா கைப்பைக்கு, ஆபீஸ்ல பயப்படாம இருக்க. திரும்பி வந்துவிட்டான். அம்மா திட்டிட்டாங்க.' எனக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மேலாளர் முன்னால் பேனா எடுக்கப் பையைத் திறந்தேன், பொம்மை மேசைமேல் விழுந்து அறையே சிரித்தது. சாயங்காலம் வந்து உன் விளையாட்டுச் சாமானையெல்லாம் என் பையில் போடாதே என்று கத்தினேன். நீ ஏன் போட்டாய் என்று கேட்கவே இல்லை. நீயும் சொல்லவில்லை, அவனை வாங்கிக்கொண்டு போய்விட்டாய். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பட்டப்படிப்பின் கடைசிப் பரீட்சைக்குப் படித்தேன், அந்த வேலைக்குப் போக எனக்கு எவ்வளவு பயம் என்று வெளியே காட்டவில்லை என்று நினைத்திருந்தேன். ஒன்பது வயதுப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது. பயம் வந்தால் நான் யாரைத் திட்டுகிறேன் என்றும் இப்போது எனக்குத் தெரிகிறது. இரண்டு தடவையும் உன்னைத்தான், இரண்டு தடவையும் நீ ஒரு தப்பும் செய்யவில்லை. அம்மா பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா என்று உன் அத்தை கேட்டால் கேட்கட்டும், நான் கேட்கிறேன். நீ காரணம் இல்லை கண்ணா.

ஒன்றையும் தூக்கிப் போடவில்லை. அப்பா பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார், பாப்பா கேட்டால் பெரிய ஆட்களை மட்டும் இறக்கிக் கொடுக்கிறோம், கழற்றக் கூடிய எதையும் இல்லை. என்ன செய்வதென்று நீ வந்து சொல், அதுவரை அவை அங்கேயே இருக்கும். பரீட்சை நெருங்குகிறது, விடிய விடிய விழிக்காதே, முதுகு வளைத்துப் படிக்காதே. ஈரத் தலையோடு வெளியே போகாதே. பாப்பா உனக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள், உள்ளே வைத்திருக்கிறேன், அது குதிரையாம், நான் விசாரிக்காமல் மேஜை என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்பா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். நீ நல்லபடியாகப் படித்து, நல்ல மனுஷர்கள் நடுவில், நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. என்மேல் கோபம் இருந்தால் கோபமாகவே எழுது, பக்கம் பக்கமாக எழுது, நான் படித்துக்கொள்கிறேன். ஒரு சொல்லில் மட்டும் முடித்துவிடாதே. சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா