நடுத்தூணை எடுக்க விடவில்லை

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டு எழுதுவது இதுதான் முதல் முறை. நீங்கள் போன பிறகும் சமையலறையிலிருந்து வாய் தவறி எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டேன்.

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை தாண்டி நாம் வடிவமைத்த லாட்ஜ் ஞாபகம் இருக்கிறதா? அப்போது நமக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரே அலுவலகத்தில் வேலை. முன்பக்க உத்தரத்துக்கு ஓரத் தூண்களை மூலையில் போட்டிருந்தீர்கள். கொஞ்சம் உள்ளே தள்ளலாம், வெளியே நீளும் முனைகளின் பாரமே இடையில் உத்தரம் தொய்வதைக் குறைக்கும் என்றேன். உரிமையாளர் சிரித்துவிட்டார். "மூலையில தூண் இல்லாம எப்படிம்மா நிக்கும்?"

நீங்கள் சிரிக்கவில்லை. மதியச் சாப்பாட்டை மறந்து கணக்குப் போட்டுப் பார்த்தீர்கள். சாயங்காலம் எல்லார் முன்னாலும், "அவங்க சொல்றதுதான் சரிங்க. எனக்குத் தோணாம போச்சு," என்றீர்கள். அன்றைக்குத்தான் உங்களைப் பிடித்துப்போனது. இதை உங்களிடம் எப்போதாவது சொன்னேனா?

போன மாதம் அந்த உரிமையாளரின் மகன் வந்தார். "மேடம், முன்பக்க உத்தரத்துக்குக் கீழ இருக்கிற நடுத்தூணை எடுத்துடலாம். வேன் உள்ள திரும்ப மாட்டேங்குது. ஆளுங்க உடைக்கிற மெஷினோட வந்துட்டாங்க. நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும்."

உடனே ஆட்டோ பிடித்துப் போனேன். மாடியில் எல்லா அறையிலும் ஆட்கள் தங்கியிருந்தார்கள். கைப்பிடிச் சுவரில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"இதை எடுத்தா உத்தரம் ரெண்டு மடங்கு தூரம் தாண்டணும் தம்பி. வளைக்கிற விசை ரெண்டு மடங்கோட நிக்காது, அதவிட ரொம்ப ஜாஸ்தி. தூண் கீழ தாங்குறதால இந்த இடத்துல கம்பியெல்லாம் மேல்பக்கமா போட்டிருக்கோம். தூண் போனா இழுப்பு அடிப்பக்கம் வரும். அங்க கம்பி கம்மி."

"சார் இருந்திருந்தா ஏதாவது வழி பண்ணியிருப்பாரு மேடம்."

சுருக்கென்றது. உரிமையாளர்களிடம் பேசுவதெல்லாம் எப்போதும் நீங்கள்தானே? பக்கத்தில் உங்களைத் தேடினேன்.

"சாரும் இதையேதான் சொல்லியிருப்பாரு. மேல இவ்ளோ பேர வச்சிக்கினு இதுல கைய வைக்காதீங்க. வைக்கிறதா இருந்தா, அவங்ககிட்ட நானே போய்ச் சொல்லி கீழ இறக்கிடுவேன்."

 நான் தூணை விட்டு நகரவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கேட் சரியாகத் தூணுக்கு எதிரே இருந்தது.

"கேட்டைத் தள்ளி வைங்க தம்பி. ரெண்டு தூணுக்கு நடுவுல வேன் நேரா உள்ள வந்துடும்."

வாசல் வரை போய்க் காலடியால் அளந்து பார்த்தார். பிறகு மெஷினைத் திருப்பி அனுப்பினார்.

இந்தப் பௌர்ணமிக்குப் போய்ப் பார்த்தேன். புதுக் கேட் வழியாக வேன்கள் சிரமமில்லாமல் நுழைந்தன. அவரே நாற்காலி போட்டு, "டீ சாப்ட்டுப் போங்க மேடம்," என்றார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. நீங்கள் இருந்திருந்தால் இரண்டு டீ குடித்திருப்பீர்கள், இல்லையா?

நாளைக்குக் கீழ்பென்னாத்தூரில் புது வீட்டு வேலை ஒன்றைப் பார்க்கப் போகிறேன். நம் அலுவலகத்துப் பெயர்ப்பலகையில் உங்கள் பெயர் அப்படியேதான் இருக்கிறது. அது தொங்குகிற வரை, எனக்கு நம்பிக்கையில்லாத எந்த வரைபடத்திலும் கையெழுத்துப் போட மாட்டேன். யார் வந்து உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டாலும்.

உங்கள் வீட்டுக்காரி,
ரேவதி