மருமகள் அணிக்கு ஃபார்வர்டு இல்லை

9 டிசம்பர் 2025, செவ்வாய்

அரையாண்டுத் தேர்வு தொடங்கிவிட்டது. பிளஸ் ஒன் தாவரவியலில் ஒளிச்சேர்க்கை கேட்டிருந்தார்கள். பாதிப் பேர் பெரிதாகச் சூரியனை மட்டும் வரைந்து வைத்திருக்கிறார்கள். அழகாகத்தான் இருந்தது, மதிப்பெண்தான் போட முடியவில்லை.

சாயங்காலம் எதிர்வீட்டு மருமகள் தையல்நாயகி கையில் கொஞ்சம் கற்கண்டோடு வந்தாள். "அக்கா, மூணு மாசம்" என்றாள். கட்டிப்பிடித்துக்கொண்டேன். உண்மையாகவே சந்தோஷம். அடுத்த நொடியே – எழுத வெட்கமாக இருக்கிறது – அப்படியானால் காணும் பொங்கலுக்கு யார் கோல் அடிப்பது என்று நினைத்தேன்.

அவளும் அதையேதான் நினைத்திருக்கிறாள். "பூவிழியும் இல்ல, நானும் இல்ல. என்னக்கா பண்ணப் போறீங்க?"

எங்கள் அணிக்கு இருந்ததே இரண்டு ஃபார்வர்டு. பூவிழி ஆகஸ்டிலேயே கணவனோடு சிங்கப்பூர் போய்விட்டாள். இப்போது இவள். இரண்டு பேரும் உட்கார்ந்து கற்கண்டைக் கடித்தோம்.

10 டிசம்பர், புதன்

மூன்று வருஷத்துக்கு முன் பொங்கல் விழாக் கமிட்டித் தலைவர் இராஜாங்கம் மாமா இந்தக் கால்பந்து ஆட்டத்தை அறிவித்தபோது சிரித்தவள் நான். ஒரு பக்கம் இந்தத் தெருவில் பிறந்த பெண்கள். இன்னொரு பக்கம் இந்தத் தெருவுக்கு வாழ வந்த நாங்கள். பக்கத்துக்கு ஏழு பேர். தோற்ற அணி அன்றைக்குத் தெருவுக்கே சமைத்துப் பரிமாற வேண்டும். ஜெயித்த அணி இலை முன்னால் உட்காரலாம்.

முதல் இரண்டு தடவையும் தோற்றோம், சமைத்தோம். அதில் ஒன்றும் தண்டனை இல்லை. தோற்காமலே வருஷம் முழுக்க அதைத்தானே செய்கிறோம். போன பொங்கலுக்குப் பூவிழி ஒரு கோல், தையல் ஒரு கோல். ஜெயித்தோம், உட்கார்ந்தோம்.

உட்கார்ந்தார்கள் என்று எழுதுவதுதான் சரி. என் நாத்தனார் பிரகதீஸ்வரி சாம்பாருக்கு எவ்வளவு பருப்பு என்று தெரியாமல் முழிப்பதைப் பார்த்தேன். எழுந்து போனேன். திரும்பி வந்தபோது இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கும் ஆறின சோறு.

கல்யாணமாகி இருபத்திரண்டு பொங்கல் ஆகிவிட்டது. ஒரு பொங்கலாவது உட்கார்ந்து, ஆவி பறக்கப் பறக்கச் சாப்பிட்டிருக்கிறேனா? இந்தத் தடவை ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால் எழுந்திருக்கக் கூடாது. பேராசையா இது?

14 டிசம்பர், ஞாயிறு

முதல் பயிற்சி. பள்ளி மைதானத்தில் மழை ஈரம் காயவில்லை. மூலையில் ஒரு கொக்கு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கல்லூரியில் இரண்டு வருஷம் ஆடியவள் என்ற ஒரே தகுதியில் நான் கேப்டன். புதிதாகச் செம்மொழி சேர்ந்திருக்கிறாள். ஆவணியில் கல்யாணமாகி வந்தவள். பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் பரிசெல்லாம் வாங்கியவளாம். வாய்தான் திறப்பதில்லை. கோல்கீப்பர் தங்கம்மாள் அக்கா. எங்களில் மூத்தவர். ஓட முடியாது என்பதால் கோலுக்குப் போனவர்.

செம்மொழியின் காலுக்குப் பந்து வந்தது. எதிரே ஒருவரும் இல்லை, கோல் திறந்து கிடக்கிறது. அவள் நின்றாள், திரும்பிப் பார்த்தாள், பந்தை எனக்குத் தள்ளிவிட்டாள். அடுத்து, இடது ஓரத்தில் ஆடும் பிரகதாம்பாளும் எனக்கே. எல்லோரும் எனக்கே. ஏன் என்று கேட்டேன்.

"நீங்க நிக்கும்போது நாங்க எப்படிக்கா அடிக்கிறது" என்றாள் பிரகதாம்பாள்.

முதல் பாயசம் மூத்தவருக்கு என்பது போல முதல் பந்தும் மூத்தவருக்கு! விழுந்து விழுந்து சிரித்தேன். தையல் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து நெல்லிக்காய் கடித்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே கேட்டாள்: "அது சரிக்கா. நீங்க ஏன் பந்து வந்ததும் தங்கம்மாள் அக்காகிட்ட அனுப்புறீங்க?"

அனுப்பினேனா? யோசித்துப் பார்த்தேன். அனுப்பியிருக்கிறேன். ஆறு பேர் சேர்ந்து, வெகு மரியாதையாக, எங்கள் கோலையே முற்றுகையிட்டிருக்கிறோம்.

கொக்கு பறந்துவிட்டது.

21 டிசம்பர், ஞாயிறு

புதுச் சட்டம் போட்டேன். மைதானத்துக்குள் அக்கா, சித்தி எதுவும் கிடையாது. பனியன் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். என் நம்பர் ஏழு.

எல்லோரும் தலையாட்டினார்கள். அரைமணி நேரம் மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. கடைசியில் செம்மொழி, பந்து என் முதுகில் படப்போகிறது என்ற அவசரத்தில், மெல்லிய குரலில் சொன்னாள்: "ஏழாம் நம்பர் அக்கா..."

பந்து முதுகில் பட்டது. சட்டத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

24 டிசம்பர், புதன்

விடுமுறை. மார்கழிக் கோலம் போடும்போது புள்ளிகளைப் பார்த்தால்கூட ஆட்டக்காரர்களாகத் தெரிகிறார்கள்.

28 டிசம்பர், ஞாயிறு

ஃபார்வர்டு இல்லாவிட்டால் என்ன, நானே ஃபார்வர்டு என்று இன்றைக்கு இறங்கினேன். எல்லாப் பந்தும் எப்படியும் என்னிடம்தானே வருகிறது. மூன்று முறை ஓடினேன். நாலாம் முறை முழங்கால் ஓட மறுத்துவிட்டது.

வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது இவர் வாசற்படியில் நின்று பார்த்தார். "நெல்லு அறுக்க மெஷின் வாடகைக்குக் கெடைக்குது விஜி. கோல் அடிக்க ஒண்ணு கெடைக்குமான்னு விசாரிக்கவா?" என்றார். அவருக்குக் காபி கொடுக்கவில்லை.

போதாததற்கு இராஜாங்கம் மாமாவும் இவரை வழியில் பார்த்துக் கேட்டாராம். மருமகள் பக்கம் கோல் அடிக்க ஆளே இல்லையாமே, இந்த வருஷம் பேசாமல் மியூசிக்கல் சேர் வைத்துவிடலாமா என்று. சேராம் சேர்! எங்களுக்கு எதுக்கு சேர்? ஒரு இலை போதும்.

1 ஜனவரி 2026, வியாழன்

பூவிழி வீடியோவில் வந்தாள். பின்னால் பதினெட்டாவது மாடியின் ஜன்னல். எல்லாக் கதையையும் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கும் தையலுக்கும் பந்து ஏன்க்கா வந்துச்சு? நாங்க கத்துனோம். குடுங்க குடுங்கன்னு வெக்கமில்லாமக் கத்துனோம். இப்ப யாரு கத்துறா?"

யாரும் இல்லைதான். நான் உட்பட. கேட்டு வாங்குவதை நான் எப்போது நிறுத்தினேன்? காலேஜில் கத்தியிருக்கிறேன். இடது ஓரத்தில் நின்று தொண்டை கட்டும் வரை கத்தியிருக்கிறேன். அந்தக் குரல் எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை, பிளஸ் ஒன் பி பிரிவில் இருக்கிறது.

4 ஜனவரி, ஞாயிறு

இன்றைக்கு ஒன்று நடந்தது. பிரகதாம்பாள் தள்ளிய பந்து எனக்கு வந்தது. வழக்கம்போல, எங்களிலேயே எதிரணியாக நின்றவர்கள் எல்லோரும் என்மேல் பாய்ந்தார்கள். பந்தை நிறுத்தப் போனேன், ஈரத்தில் கால் வழுக்கியது. பந்து இரண்டு காலுக்கும் நடுவே போய்விட்டது. எனக்குப் பின்னால் செம்மொழி. அவளைப் பார்க்க ஒருவரும் இல்லை. தள்ளிக் கொடுக்க நான் இல்லை, தரையில் கிடந்தேன். வேறு வழியில்லாமல் அடித்தாள். கோல்.

தையல் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டாள். "அக்கா! அதேதான். அதையே விழாமச் செய்யுங்க."

8 ஜனவரி, வியாழன்

விழாமல் செய்வது முடியவில்லை.

திட்டம் எளிது. பந்து எனக்குத்தான் வரும் என்று ஊருக்கே தெரியும். வரட்டும். எல்லோரும் என்னிடம் ஓடி வரட்டும். நான் காலை அகட்டி நிற்க வேண்டும், பந்து போக வேண்டும், பின்னால் செம்மொழி அடிக்க வேண்டும். நான் செய்யவேண்டியது, ஒன்றும் செய்யாமல் இருப்பது.

பத்து தடவை வந்தது. பத்து தடவையும் கால் தானாக நீண்டுவிட்டது. அடுப்பில் பால், கொடியில் துணி, இவருடைய மூக்குக்கண்ணாடி, பையனுடைய ஹாஸ்டல் ஃபீஸ் – எது என் பக்கம் உருண்டு வந்தாலும் நீளும் கால்தானே இது. இதற்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

"அது உங்க பந்து இல்லக்கா" என்று தையல் ஓரத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் கத்துகிறாள். என்னை நோக்கி வருகிற பந்து என்னுடையது இல்லை என்றால் வேறு யாருடையது?

14 ஜனவரி, புதன். போகி

நாகப்பட்டினத்து மாமியார் வீட்டிலிருந்து பிரகதீஸ்வரி வந்துவிட்டாள். இறங்கியதும் அடுப்படிக்கு வந்து முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டே ஆட்டத்தைப் பற்றித்தான் பேசினாள். "எனக்கு ஒரு கவலையும் இல்ல அண்ணி. உங்க ஆளுங்க எல்லாரும் உங்களுக்குத்தான் குடுப்பாங்க. உங்களப் புடிச்சாப் போதும், ஆட்டம் முடிஞ்சிது. இந்தத் தடவ பருப்புக் கணக்கு நீங்களே பாத்துக்குங்க."

அவளுக்குக் காபி ஆற்றிக் கொடுத்தேன். வெளியே வராத சிரிப்பால் டம்ளர் ஆடியது.

15 ஜனவரி, வியாழன். பொங்கல்

பால் கிழக்குப் பக்கம் பொங்கியது. நல்லதாம். மைதானத்தில் எங்கள் கோல் எந்தப் பக்கம் என்று யோசித்தேன்.

17 ஜனவரி, சனி. காணும் பொங்கல்

விரல் எரிகிறது, இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

காலை எட்டு மணிக்கு ஆட்டம். விசில் இராஜாங்கம் மாமா கையில். பந்தைக் கையால் தொடக் கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு சட்டம் தெரியாது. அதையும் கோல்கீப்பருக்கே சொல்லித் தங்கம்மாள் அக்காவை ஒரு தடவை எச்சரித்தார்.

முதல் பாதியில் ஒரு கோல் வாங்கினோம். செம்மொழியின் நாத்தனார், கல்லூரிப் பெண், பந்தோடு வந்தாள். செம்மொழி எதிரே போனாள், நாத்தனாரைப் பார்த்தாள், வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். வாசலில் ஒதுங்குவது போலவே. பிறகு என்னிடம் வந்து, "வீட்டுக்குப் போகணுமேக்கா" என்றாள்.

இரண்டாம் பாதி. இடதுபக்கத்திலிருந்து பிரகதாம்பாள் பந்தைத் தள்ளினாள். எனக்குத்தான். பிரகதீஸ்வரி தலைமையில் நாலு பேர் என்னை நோக்கி ஓடி வருகிறார்கள். எனக்குத் தெரியும், விட வேண்டும். தெரிந்தும் கால் நீளத் தொடங்கிவிட்டது.

பின்னாலிருந்து ஒரு குரல். இந்த ஐந்து மாதத்தில் எங்கள் தெருவில் யாரும் கேட்டிராத குரல்.

"அக்கா, விடுங்க!"

கால் நின்றது. பந்து நடுவே போயிற்று. திரும்பிப் பார்ப்பதற்குள் கோல்.

தையலை நாற்காலியில் பிடித்து உட்காரவைக்க அவள் மாமியார் ஓட வேண்டியிருந்தது. செம்மொழி என்னிடம் வந்து, சத்தம் போட்டுவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றாள். இன்னொரு தடவை போடு என்றேன்.

போட்டாள். அடுத்த பந்து வந்தபோது பிரகதீஸ்வரி, "அண்ணி விட்டுடுவாங்க, எல்லாரும் பின்னாடி போங்க!" என்று கத்தினாள். அத்தனை பேரும் என்னைத் தாண்டிச் செம்மொழியிடம் ஓடினார்கள். செம்மொழி விடுங்க என்றாள்.

நான் விடவில்லை. நிறுத்தினேன். எனக்கும் கோலுக்கும் நடுவில் கீப்பர் பெண்ணைத் தவிர ஒருவரும் இல்லை. கல்லூரி நாள் இடது கால் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது, கொஞ்சம் மெதுவாக. பந்து கீப்பரின் கைக்குத் தப்பிச் சேற்றில் நிதானமாக உருண்டு போய், சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஒரு சாண் தூரத்தில் நின்றது. இராஜாங்கம் மாமா குனிந்து, வரப்புத் தகராறு தீர்க்கிறவர் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு விசில் ஊதினார்.

இரண்டுக்கு ஒன்று.

மதியம் பந்தல். வரிசையாக ஏழு மருமகள்கள், ஏழு இலை. ஏழு பேருக்கும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தங்கம்மாள் அக்கா தம் இலையை மூன்று தடவை தண்ணீர் தெளித்துத் துடைத்தார். சமையல் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. பிரகதீஸ்வரியின் குரல்: பெருங்காயம் எங்கே, பெருங்காயம் எங்கே? அது எங்கே என்று எனக்குத் தெரியும். மூன்றாவது கூடையில், மஞ்சள் டப்பாவுக்குப் பின்னால். பாதி எழுந்துவிட்டேன்.

பக்கத்தில் செம்மொழி. இலையைப் பார்த்தபடியே, என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "விடுங்கக்கா."

உட்கார்ந்தேன்.

பிரகதீஸ்வரி சோற்றுவாளியோடு வந்தாள். முகமெல்லாம் கரி. "அண்ணி, எந்திரிச்சீங்கன்னா ஆட்டமே செல்லாதுன்னு சொல்லிடுவேன்" என்று சொல்லி இலையில் கவிழ்த்தாள். ஆவி முகத்தில் அடித்தது. கையை வைத்தேன். சுட்டது. சோறு இவ்வளவு சுடும் என்பது மறந்தே போயிருந்தது. எல்லோரும் ஊதி ஊதிச் சாப்பிட்டோம். சாம்பாரில் உப்பு இல்லை. யாரும் சொல்லவில்லை.

20 ஜனவரி, செவ்வாய்

பள்ளி திறந்தாயிற்று. சாயங்காலம் பிரகதீஸ்வரி நாகப்பட்டினத்திலிருந்து போன் செய்தாள். ஊர் போய்ச் சேர்ந்ததைச் சொன்னாள். அங்கே போட்டது போட்டபடி கிடக்கும் பாத்திரங்களைப் பற்றிச் சொன்னாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணி, இங்க நாங்க நாலு மருமக. நான்தான் மூத்தவ. எல்லாம் என்கிட்டதான் வந்து நிக்குது. அந்த விடுறத எப்படிக் கத்துக்கிட்டீங்க?"

முதலில் ஒரு பந்து வாங்கு என்றேன். அப்புறம், உன்னைப் பார்த்துக் கத்துவதற்கு ஒருத்தி வேண்டும் என்றேன்.

"இங்க யாரு என்னப் பாத்துக் கத்துவா? கடைசி ஓரகத்தி ஒருத்தி இருக்கா, அவ வாயே தெறக்க மாட்டா."

"அவதான்" என்றேன்.