செபஸ்தியம்மாள் வராத கிழமை

30-8-87, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை வந்தால் சாணி என் தலையில். செபஸ்தியம்மாள் வரமாட்டாள். வாரத்தில் ஆறு நாள் விடியுமுன் வந்து தொழுவத்தைக் கழுவிவிடுகிறவள், இந்த ஒரு நாள் மட்டும் காலனியை விட்டு எங்கள் தெருப் பக்கம் தலைகாட்டமாட்டாள். அவர்கள் வேதக்காரர்கள், ஏசு சாமி அப்படி ஒரு லீவு கொடுத்திருக்கிறார். சங்கராபுரத்தில் மாட்டு மருந்து விற்கும் பாய், வெள்ளிக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டுத் தொழுகைக்குப் போய்விடுவார். அமாவாசை என்றால் எங்கள் காளைகளுக்குக்கூட விடுதலை, அன்று யாரும் ஏர் பூட்டுவதில்லை. எனக்கு? செவ்வாய் மாரியம்மன், வெள்ளி விளக்கு, சனி பெருமாள். எல்லாக் கிழமையும் சாமி உண்டு. ஓய்வுக்கு ஒரு கிழமைகூட இல்லை.

இவரிடம் சொன்னேன். "அப்போ நீயும் வேதத்துல சேந்துடு ஆண்டாளு" என்று சிரித்தார். இவருக்கென்ன, சாணி அள்ளியா பழக்கம்?

செவலைப் பசுவுக்கு மாதம் நெருங்குகிறது. போன ஈற்றில் கன்று செத்துப் பிறந்தது. அன்றும் ஞாயிறு. கன்று குறுக்கே கிடந்தது, கைவிட்டுத் திருப்பத் தெரிந்தவள் கோயிலில் முட்டி போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

6-9-87, ஞாயிறு

சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வரும்போது காலனி ஜனங்கள் பூசைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கோயில் பக்கத்து ஊரில் இருக்கிறது. கைக்குழந்தை முதல் கிழம் வரை எல்லாரும் புறப்பட்டுவிடுவார்கள். ஞாயிறு காலையில் காலனியில் நாய்கள் மட்டும்தான் இருக்கும் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

கடைசியாக செபஸ்தி வந்தாள். சைக்கிள் கேரியரில் அவள் புருஷன் தைரியநாதன். டிராக்டர் கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே செத்துப்போன மனுஷன். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை. விழாமல் இருக்க அவள் முந்தானையால் அவரைச் சீட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். அவள் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ள, அவர் மாப்பிள்ளை மாதிரி வயலையெல்லாம் பார்த்துக்கொண்டு போனார். என்னைக் கண்டதும் கும்பிட்டார். நானும் தலையை ஆட்டினேன்.

12-9-87, சனி

மகன் தீனா இன்று சாப்பிடவில்லை. கூடப் படித்த பையன் ஒருவனுக்கு பாங்க்கில் வேலை கிடைத்துவிட்டதாம். இவன் பி.காம். முதல் வகுப்பு. மூன்று வருஷமாக எம்ப்ளாய்மெண்ட் ஆபீசுக்கு நடக்கிறான். "நம்ம ஜனத்துல எத்தினி பேரும்மா ஆபீசுல கீறாங்க? விரல் விட்டு எண்ணிடலாம்" என்றான். வேலையில் எங்கள் ஜாதிக்குத் தனியாக இருபது சதவீத ஒதுக்கீடு கேட்டு சங்கம் சாலை மறியல் பண்ணப்போகிறதாம். அவன் கேட்பதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பேசும்போது கழுத்து நரம்பு புடைக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

17-9-87, வியாழன்

புரட்டாசி ஒன்று, மறியல் தொடங்கிவிட்டது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். கள்ளக்குறிச்சிக்கும் பஸ் இல்லை, சின்னசேலத்துக்கும் இல்லை. சொசைட்டி வண்டி வராததால் பாலையெல்லாம் தயிராக உறை ஊற்றினேன்.

18-9-87, வெள்ளி

விளக்கேற்றினேன். தீனா இரண்டு நாளாக ரோட்டிலேயே கிடக்கிறான். எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு என்கிறார்கள். இவர் ரேடியோவை விட்டு நகரவில்லை.

செவலைக்கு மடி இறங்கிவிட்டது.

19-9-87, சனி

முதல் சனிக்கிழமை. மாவிளக்குப் போட்டேன். நாமம் போட்ட பிள்ளைகள் சொம்பைத் தூக்கிக்கொண்டு கோவிந்தா போட்டு வந்தார்கள், அரிசி போட்டேன். ஊரே விரதம்.

சாயங்காலம் ஒரு சச்சரவு. காலனிக்காரர்கள் நாளைக்குக் கோயிலுக்குப் போக வழி வேண்டும் என்று ரோட்டில் கிடந்த புளியமரத்தின் கிளைகளைக் கழித்து, ஒரு சைக்கிள் போகிற அளவுக்கு ஒதுக்கிவிட்டார்களாம். தீனாவும் அவன் கூட்டாளிகளும் கொதித்துப்போய் வந்தார்கள். "நாம உயிர குடுத்து மறிக்கிறோம், அவனுங்க இன்னா தைரியத்துல எடுக்கறானுங்க?" சங்கத்துப் பெரியவர் ஒருவர் வந்து, "சாமி கும்பிடப் போறவங்கள இன்னாத்துக்குடா மறிக்கணும்? நம்ம சண்ட கவர்மெண்டோட" என்று அதட்டிவிட்டுப் போனார். பையன்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அடங்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

செபஸ்தி மாட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "நாளிக்கி போட்ருங்கம்மா" என்றாள்.

நாளை ஞாயிறு.

"நாளைக்கி ஒரு நாளு வந்துடு செபஸ்தி."

"ஞாயித்துக்கிழமையாச்சேங்க. அவர கோயிலுக்கு இட்டுக்கினு போவணும். வாரத்துல அந்த ஒரு நாளுதான் அந்த மனுசன் வெளிய மொகத்த காட்டறாரு."

"வேற யாராவது தள்ளிக்கினு போவட்டுமே."

"ஒத்துக்க மாட்டாருங்க. கூச்சப்படுவாரு."

"போன வருசம் நீ கோயிலுக்குப் போனே, என் கன்னு செத்துது. ஒரு வாரம் போவலன்னா உன் சாமி கோச்சிக்குமா?"

அவள் செவலையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். பிறகு, "என் சாமி கோச்சிக்காதுங்க. சரி, வரேன்" என்றாள்.

வெற்றி எனக்கு. மாவிளக்கில் ஒரு உருண்டை கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டாள்.

20-9-87, ஞாயிறு

கிடேரிக் கன்று. உயிரோடு இருக்கிறது.

21-9-87, திங்கள்

எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

நேற்று காலை சொன்னபடி வந்தாள். "அவரு இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன். "நீ போய்ட்டு வா, நான் படுத்துக்கினே செபமால சொல்லிக்கிறேன்னாரு. வெள்ள சட்ட மட்டும் போட்டு வுட சொன்னாரு" என்றாள். சிரித்தாள்கூட.

பக்கத்து ஊரில் பூசை மணி அடித்தபோது செவலை படுத்துவிட்டது. கன்று இந்தத் தடவையும் குறுக்கே. செபஸ்தி முழங்கை வரை எண்ணெய் பூசிக்கொண்டு கையை விட்டாள். மாட்டோடு பேசிக்கொண்டே திருப்பினாள். நான் கொம்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கோவிந்தா கோவிந்தா என்று கத்திக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை, கண்ணில் படவில்லை. கன்று விழுந்து மூச்சு விட்டபோது இரண்டு பேரும் அழுதோம். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

மாட்டுக்குக் கொடுக்க வெல்லம் எடுக்க உள்ளே வந்தேன். பின்வாசல் வழியாக தீனா வந்தான். சட்டையெல்லாம் கரி. மண்ணெண்ணெய் வாசனை குப்பென்று அடித்தது.

"இன்னாடா பண்ணே?"

"ஒண்ணும் ஆவலம்மா. ஒரு உசுரு இல்ல அங்க. எல்லாம் கோயிலுக்குப் போன நேரமா பாத்துத்தான் வெச்சோம். கூரைங்கதான். மரத்த எடுத்தானுங்க இல்ல, தெரியட்டும்னுதான்—"

அப்போது செபஸ்தி, "அம்மா, வெல்லம்" என்று வாசலில் வந்து நின்றாள். கையிலிருந்து இன்னும் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

தீனா அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படியொரு வெளுப்பை நான் பார்த்ததில்லை.

"நீ... நீ இன்னிக்கி கோயிலுக்குப் போவல?"

அவள் அவன் சட்டையைப் பார்த்தாள். திரும்பிக் காலனிப் பக்கம் வானத்தைப் பார்த்தாள். பிறகு ஓடினாள். ஐயோ, அந்த ஓட்டம். செருப்பில்லாமல் கரும்பு வெட்டி அடிக்கட்டை நிற்கும் காட்டில் நேர் குறுக்காக ஓடினாள். தீனாவும் பின்னாலேயே ஓடினான். தைரியநாதன் மட்டும்தான் தானாக எழுந்து ஓட முடியாத மனுஷன், அன்று காலனியில் இருந்ததும் அவர் மட்டும்தான். இவன் போய்ச் சேர்ந்தபோது கூரை உள்ளே இறங்கிவிட்டது. திரும்பி வந்து தொழுவத்தில் கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

யார் மேல் பழி போட? வைத்தவன் என் மகன். உள்ளே இருக்க வைத்தவள் நான்.

இருட்டுமுன் இவர் அவனை வெள்ளிமலைக்கு அனுப்பிவிட்டார். மலையில் இவருக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

22-9-87, செவ்வாய்

தைரியநாதனை நேற்றே அடக்கம் பண்ணிவிட்டார்களாம். புளியமரத்தில் அவர்கள் ஒதுக்கிய வழியில் பெட்டி போக இடம் போதவில்லை, தலைக்கு மேல் தூக்கிக் கொண்டுபோனார்களாம். எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை.

அமாவாசைக்கு இவர் முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார். நான் சோறு வடிக்கும்போது கஞ்சி காலில் கொட்டியது. நன்றாகக் கொட்டட்டும்.

26-9-87, சனி

மறியல் முடிந்து ரோடு திறந்ததும் முதலில் வந்தது போலீஸ் ஜீப். இரண்டாவது சனிக்கிழமை. பெருமாளுக்கு எதிரே நிற்க முடியவில்லை. விளக்கேற்றாமல் விட்டேன்.

இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். "உங்க பையன் எங்க இருந்தான்?" என்று கேட்டார். இவர் வாயைத் திறக்குமுன் நான் சொல்லிவிட்டேன். "என்கூடத்தான் இருந்தான். மாடு கன்னு போட்டுது, கயிறு புடிச்சிக்கினு இருந்தான்." எவ்வளவு சரளமாக வந்தது! சனிக்கிழமை, விரதத்தோடு, குளித்த ஈரத்தலையோடு சொன்னேன்.

"அப்ப கூட யார் இருந்தது?" என்றார்.

செபஸ்தியைக் கூட்டிவரச் சொன்னார். வந்தாள். கணவர் போன பிறகு நான் அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. காதும் கழுத்தும் மூளியாக இருந்தன. கையிலிருந்த தீக்காயத்துக்கு வாழையிலைக் கிழிசலைச் சுற்றியிருந்தாள். கூரையைப் பிரிக்கப் போயிருக்கிறாள்.

"இந்தம்மா பையன் அன்னிக்கி இங்கயா இருந்தான்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடு என்று வேண்டிக்கொண்டேன் என்று இங்கே எழுத ஆசையாக இருக்கிறது. பொய். சொல்லிவிடாதே, சொல்லிவிடாதே என்றுதான் கெஞ்சினேன், கண்ணாலேயே.

"நான் மாட்ட பாத்துக்கினு இருந்தேங்க. வேற எதையும் பாக்கல" என்றாள்.

இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதையே சொன்னாள். அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள், மெர்லின். ஹாஸ்டலில் படிக்கிறது. லீவுக்கு இந்த ஊருக்குத்தான் வரவேண்டும், எங்கள் தெருவைத் தாண்டித்தான் போகவேண்டும். இதை நான் அவளுக்கு எடுத்துச் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை.

4-10-87, ஞாயிறு

தொழுவத்தில் நானே சாணி அள்ளினேன். காலனியிலிருந்து யாரும் எங்கள் தெருவுக்கு வேலைக்கு வருவதில்லை. கன்று துள்ளுகிறது. அதைக் கண்டால் எனக்குப் பால் கறக்க மனம் வரவில்லை.

1-11-87, ஞாயிறு

விடியுமுன் வாளிச் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால் செபஸ்தி. எதுவும் நடக்காத மாதிரி தொழுவத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கி ஞாயித்துக்கிழமை" என்றேன். "கோயிலுக்குப் போவலியா?"

"யார தள்ளிக்கினு போறதுங்க" என்றாள். கன்றை விலக்கி மடியைக் கழுவினாள்.

நான் காலில் விழுந்திருக்க வேண்டும். அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போய்விட்டேன்.

15-1-88, வெள்ளி

தீனா பொங்கலுக்கு மலையிலிருந்து இறங்கி வந்தான். ஆள் பாதியாகிவிட்டான். கேஸ் அடையாளம் தெரியாத நபர்கள் என்று போய்விட்டது. செபஸ்தி வரும் நேரத்தில் அறையைத் தாழ் போட்டுக்கொள்கிறான்.

8-7-90, ஞாயிறு

தனி ஒதுக்கீடு வந்த பிறகு எழுதிய முதல் பரீட்சையிலேயே தீனா தேறிவிட்டான். கவர்மெண்ட் ஆபீசில் ஜூனியர் அசிஸ்டெண்ட். அவனுக்கு உரியது அவனுக்குக் கிடைத்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஊரில் இனிப்புக் கொடுத்தோம். கள்ளக்குறிச்சியில் ரூம் எடுத்துத் தங்கிக்கொண்டு, நேற்று முதல் தடவையாக லீவுக்கு வந்தான்.

காலையில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். தொழுவத்தில் வாளிச் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"ஞாயித்துக்கிழமையாவது அவள வரவேணாம்னு சொல்லும்மா."

"மூணு வருசமா சொல்றேன். கேக்க மாட்டேன்றா. நீ போயி சொல்லு."

எங்கிருந்து எனக்கு அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. அவன் உண்மையாகவே எழுந்து போனான். தொழுவத்து வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் அடுப்படி ஜன்னலில் நின்றேன்.

செபஸ்தி நிமிர்ந்தாள். சாணிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"உத்தியோகம் கெடச்சிதாமே தம்பி. அம்மா சொன்னாங்க" என்றாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இன்னிக்கி லீவுங்களா?"

அவன், "ஆமாங்க" என்றான். அவளை 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஞாயித்துக்கிழமைன்னா கவர்மெண்டுல எல்லாருக்கும் லீவு இல்ல? நல்லதுதான். போயி படுங்க."

அவன் படுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பிடாமலேயே காலைப் பஸ்ஸுக்குப் போய்விட்டான். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

நான் இன்னொரு கூடையை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனேன். அவள் ஒதுங்கி இடம் விட்டாள். இரண்டு பேரும் அள்ளினோம்.