ஆமா பாய், மக்கர்

பங்குனி 8, வியாழன்

காலையில் பனி. பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று. புளி காயப் போட்டாயிற்று. கொட்டை எடுக்க ஆறு பெண்கள் வந்தார்கள், நாலு பேர் வேலை செய்தார்கள்.

ஷரீப் பாய் ரிப்பேர் கடை ஐந்தாவது நாளாகப் பூட்டு. நெஞ்சு அடைக்கிறது என்று போன சனிக்கிழமை வாணியம்பாடிக்கு இறங்கினார், தம்பி வீட்டுக்கு. அதற்கு முந்தின நாள்தான் என் ரேடியோவைக் கொண்டுபோய் வைத்தேன்.

"இன்னா மொதலாளி, மறுபடியும் மக்கரா?"

"ஆமா பாய், மக்கர்."

சிரித்தார். ஒவ்வொரு தடவையும் இதே கேள்வி, இதே பதில், இதே சிரிப்பு.

உள்ளே மாட்டிக்கொண்டவை: என் ரேடியோ. வெள்ளையனுடைய பெட்ரோமாக்ஸ். குப்பம்மாளின் டார்ச். பள்ளிக்கூடத்துக் கடிகாரம். தையல்காரன் மிஷின். பாதி மலை அந்தப் பத்தடிக் கடைக்குள்.

பல்வலி. கிராம்பு வைத்தேன். கேட்கவில்லை.

பங்குனி 9, வெள்ளி

சந்தை. மூட்டம். பெய்யவில்லை.

ஒன்பதரை பஸ் கண்டக்டர் இறங்கியதும் நேராக என் தராசுக்கு வந்தான். "பாய் மவுத், மொதலாளி. விடியக்காலம். அவங்க வூட்ல சொல்லச் சொன்னாங்க."

வெள்ளையன் புளி மூட்டையோடு வரிசையில் நின்றார். மேலூர் ஊர்ப் பெரியவர். "மவுத்துன்னா இன்னா?"

"செத்துட்டாரு."

மூட்டையை இறக்கி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

குப்பம்மாள், "அப்ப என் டார்ச்ச யாரு குடுப்பா?" என்றாள். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வெள்ளையன்தான் முடிவு சொன்னார். "சந்தைய முடிச்சுக்குவோம். ஊர் ஊருக்கு ஆள் அனுப்பறேன். காலைல மொத பஸ்ஸுல எல்லாருமா எறங்கலாம். கோடித்துணி, மாலை, மேளம், ஒண்ணும் கொறைய வேணாம். நம்ம பாய்." மலையில் அப்படித்தான். எல்லா ஊர் உறவும் வந்து சேரும்வரை பிணம் காத்திருக்கும்.

சரி என்றேன்.

பத்து மணிக்கு அதே பஸ் கீழே திரும்பியது. தராசுக்கு முன்னால் பதினோரு மூட்டை. ஒரு மணிக்கும் ஒரு பஸ்.

பங்குனி 10, சனி

முதல் பஸ். இருபத்து மூன்று பேர். மேளம் பஸ் கூரையில். மலைப்பாதைத் திருப்பங்களில் குப்பம்மாள் இரண்டு தடவை வாந்தி. கோடித்துணியை மட்டும் மடியை விட்டு இறக்கவில்லை.

வாணியம்பாடியில் இறங்கியபோது பதினொன்று. பாய் வீட்டுத் தெருமுனையிலேயே மேளம் ஆரம்பித்துவிட்டார்கள். தெரு அதிரச் சத்தம். ஜன்னல்கள் திறந்தன. பாயின் தம்பி யாகூப் தெருவுக்கு ஓடிவந்தார், கோபமாக இல்லை. மேளக்காரன் கையை மெல்லப் பிடித்தார்.

"நேத்தே அடக்கம் பண்ணிட்டோம்ணே."

வெள்ளையனுக்கு விளங்கவில்லை. "நாங்க வராமயா?"

"எங்கள்ல அன்னிக்கே எடுத்துடுவோம். மதியம் ஜும்மா தொழுகை முடிஞ்சதும் எடுக்கறதா இருந்துச்சு. மலையில இருந்து ஆளுங்க வருவாங்கன்னு அஸர் தொழுகை வரைக்கும் நிறுத்தி வச்சோம். அஞ்சு மணி ஆயிடுச்சு." என் பக்கம் திரும்பினார். "முக்கியமா உங்களத்தான் எதிர்பார்த்தோம். பஸ் ஆரன் கேட்டப்பல்லாம் எங்க பையனுங்க எட்டி எட்டிப் பாத்தானுங்க."

குப்பம்மாள் கோடித்துணியை நீட்டினாள். யாகூப் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி உள்ளே எடுத்துப் போனார். மாலையை அடக்கஸ்தலச் சுவர் வரை கொண்டுபோனோம். ஈர மண் குவியல் ஒன்று. அவ்வளவுதான்.

திரும்பும் பஸ்ஸில் மேளத்துக்குத் துண்டு சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். ஆலங்காயம் தாண்டியதும் வெள்ளையன் சொன்னார்: "நல்லவங்கதான். ஆனா கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."



வெள்ளையனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பதினெட்டு வருடமாக அந்த ஊர்த் தோல் மண்டிகளுக்குப் பதனிடக் கடுக்காய் போடுகிறேன். காலையில் போன உயிர் என்றால் சாயங்காலத்துக்குள் மண். எத்தனை பார்த்திருக்கிறேன். யோசிக்கவில்லை என்று எழுதலாம். யோசித்தேன். கண்டக்டர் சொன்ன அந்த நிமிடமே. பிறகு "அடுத்த மூட்டையத் தூக்கி வை" என்றேன்.

பங்குனி 11, ஞாயிறு

வெயில். வேலை இல்லை. ஒடுகத்தூருக்குப் போய்ப் பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்த்து வரலாம். போகவில்லை.

நாலு மணிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஐந்து வருடமாக நாலு மணி என்றால் பாய் கடை பெஞ்சு. இந்த மலையில் என்னோடு பேசுகிறவர்கள் எல்லாம் தராசைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, என் எடையைக் கவனித்துப் பார்க்கவேண்டியதுதான். பாய் மட்டும் சால்டரிங் கட்டையைக் கையில் பிடித்தபடி முகத்தைப் பார்ப்பார். "இன்னிக்கு யாரோட சண்ட?" என்பார்.

வேலையில்லாமல் போய் உட்கார எனக்கு வராது. உப்பு மூட்டை தலையில் சுமந்து ஏறி வந்தவன், காரணம் இல்லாமல் ஒருவன் கடையில் உட்கார்ந்தால் கூச்சம். அதனால் ரேடியோ. பின்மூடியைத் திறந்து ஸ்பீக்கர் கம்பியை நானே பிடுங்கிவிடுவேன். மாதம் ஒரு தடவை, மழைக்காலத்தில் இரண்டு தடவை. அவர் மூன்று நாள் வைத்திருப்பார். மூன்று நாளும் "ஆச்சா பாய்?" என்று கேட்க நான் போவேன்.

இது யாருக்கும் தெரியாது. இங்கேதான் எழுதுகிறேன்.

பங்குனி 12, திங்கள்

பல் பிடுங்கியாயிற்று. புளி மூன்று லோடு. வேறொன்றுமில்லை.

பங்குனி 13, செவ்வாய்

பிற்பகலில் சிறு தூறல். யாகூப் வந்து கடையைத் திறந்தார். சாமான்களை உரியவர்களிடம் கொடுத்துவிட்டு, வாடகைக் கடையைக் காலி செய்ய. ஊரே திரண்டு நின்றது, ரேஷனுக்கு நிற்கிற மாதிரி. ஆனால் தள்ளுமுள்ளு இல்லை.

ஒவ்வொரு சாமானிலும் நூலில் கட்டிய துண்டுச்சீட்டு, உருதுவில். யாகூப் படித்துச் சொன்னார். பெட்ரோமாக்ஸ்: "மேலூர் வெள்ளையன், திருவிழாவுக்கு முன்னாடி." ஆகவில்லை. கழற்றிய பாகங்கள் ஒரு தட்டில். வெள்ளையன் தட்டோடு வாங்கிக்கொண்டார். டார்ச்: "குப்பம்மா, பாம்புக்குப் பயப்படறா, சீக்கிரம்." ஆகியிருந்தது. குப்பம்மாள் பட்டப்பகலில் அதைப் போட்டுப் போட்டு அணைத்தாள்.

என் ரேடியோ கடைசியில், அலமாரியில், துணி மூடி. சீட்டைப் பார்த்த யாகூப் சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டார்.

"இன்னா எழுதியிருக்கு?"

"உங்க பேரு. கீழ ஒரே வார்த்தை. மக்கர்."

"அதான் தம்பி. மக்கர் பண்ணுச்சு."

"இல்லண்ணே." சொல்வதா வேண்டாமா என்று நின்றார். "நீங்க தமிழ்ல சொல்ற மக்கர் வேற. எங்க பேச்சுல மக்கருன்னா பாசாங்கு. நடிப்பு. அது மிஷினுக்குச் சொல்ற வார்த்தை இல்ல, ஆளுக்குச் சொல்றது." சீட்டைத் திருப்பினார். "பின்னாடியும் எழுதியிருக்காரு. 'மூணு நாள் வச்சிருக்கணும்.'"

ரேடியோவை வாங்கிக்கொண்டேன். கடையைக் காலி செய்ய உதவினேன். பெஞ்சை யாரும் கேட்கவில்லை, தூறலில் வெளியே கிடந்தது.

ஐந்து வருடம். அவர் கேட்டது என்ன, நான் ஆமா என்றது என்ன.

நடிப்பு என்று தெரிந்தும் மூன்று நாள் வைத்திருந்த மனிதன். அவரை அரை நாள் காக்க வைத்து, மூட்டை எடை போட்டேன்.

பங்குனி 14, புதன்

வெயில். கடுக்காய் ஆறு மூட்டை வாணியம்பாடிக்கு ஏற்றினேன். லாரிக்காரன், "நீங்களும் வர்றீங்களா, மொதலாளி?" என்றான். எதற்கு என்றேன்.

கம்பியை மாட்ட இரண்டு நிமிடம் போதும். எனக்கே தெரியும். மாட்டவில்லை.

நாலு மணிக்கு ரேடியோவைத் துணியில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு செருப்பையும் மாட்டிவிட்டேன். வாசல் தாண்டிய பிறகுதான் நினைவு வந்தது, கடை காலி என்று.